ஒரு சாண் இறக்கம்

"இழுக்காதே, தள்ளு—"

"உள்பக்கமா தெறக்கிற கதவை எப்படி அண்ணி தள்றது? நீங்க கொஞ்சம்—"

"எனக்கு வகுப்பெடுக்காதே. ஒன்னை யாரு அதைச் சாத்தச் சொன்னது?"

"காத்துல அதுவா அடிச்சுச் சாத்திக்கிச்சு. காத்தையும் என் தலையில கட்டிடுங்க!"

பழைய பம்ப் அறையின் இரும்புக் கதவு அசையவில்லை. வெளியே எழும்பப்போகும் புதிய பம்ப் நிலையத்தை வடிவமைத்தவள் அண்ணி. அதற்கு மட்டம் பார்த்துக் கொடுத்த சர்வேயர் நாத்தனார். அலுவலகத்தில் இருவருக்கும் எதிரெதிர் மேசை. வீட்டில் ஒரே குளியலறை. கணவனை விட்டு வந்ததிலிருந்து நாத்தனாருக்கு அண்ணன் வீட்டுப் பின்னறைதான். அதன் ஒரே ஜன்னலை அண்ணியின் பீரோ மறைத்துக்கொண்டிருந்தது.

"போன் எங்கே?"

"பையில. பை வெளியில. உங்களுது?"

"கார்ல."

"பிரமாதம். ரெண்டு படிச்ச பொம்பளைங்க!"

"மேஸ்திரி தேடிக்கிட்டு வருவார். நம்ம வார்த்தை இல்லாம கான்கிரீட் கொட்ட மாட்டார்."

ஒரு காலத்தில் இந்த அறையின் பம்புகள்தான் சுற்றியிருந்த சதுப்பை உறிஞ்சிக் காய வைத்தன. இப்போது ஆற்றுத் தண்ணீரை அளந்து உள்ளே விட்டு, நாணலையும் பறவைகளையும் திரும்ப வரவழைக்க வேண்டும். அளவுக்கு மேல் ஆறு உள்ளே வராமல் தடுக்கப்போவது புதிய நிலையத்தின் ஆற்றுப்பக்கச் சுவர். வெள்ளம் அதைத் தாண்டினால் மோட்டார்கள் முழுகும், பிறகு கரையோரத் தெருவும் முழுகும். அந்தச் சுவருக்குத்தான் இன்று கான்கிரீட்.

"இது முடிஞ்சா வேலையை நிரந்தரம் பண்றேன்னிருக்காங்க," என்றாள் நாத்தனார். "வீடு கூட பாத்து வெச்சிட்டேன். மூணு ஜன்னல்."

"போயேன். நான் என்ன கையைப் பிடிச்சா இழுக்கறேன்?"

"கதவைப் பிடிச்சு இழுங்க, போதும்."

அண்ணி இழுத்தாள். கைப்பிடிதான் ஆடியது. மூச்சு வாங்க நிமிர்ந்தவள் கதவின் மேல்விளிம்பைப் பார்த்தாள்.

"இதோட தலையை யாரோ ரெண்டு மூணு தடவை அறுத்திருக்காங்க. அப்படியும் நிலை வந்து அழுத்துது பாரு."

நாத்தனார் இதற்குள் சுவரைத் துளைத்து வெளியே போகும் பெரிய குழாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குழாய்க்கு மேலே சுவர் நொறுங்கியிருந்தது. கீழே இடைவெளி. அதற்குள் கையை விட்டு விரல்களை நிமிர்த்தி விரித்தாள். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை கச்சிதமாகப் பொருந்தியது.

"அண்ணி."

"என்ன?"

"குழாய் பாறை வரைக்கும் போற தூண் மேல நிக்குது. அது எறங்காது. இந்தக் கட்டடம்தான் மொத்தமா எறங்கியிருக்கு. ஒரு சாண்."

இருவரும் ஒரே நேரத்தில் எதிர்ச்சுவரைப் பார்த்தார்கள். அங்கேதான் அந்தப் பித்தளை ஆணி இருந்தது. உயரம் குறித்து எப்போதோ அடித்த ஆணி. புதிய நிலையத்தின் ஒவ்வொரு மட்டமும் அதிலிருந்து எடுத்ததுதான்.

"வெள்ள அளவு?" என்றாள் அண்ணி.

"அது அக்கரைப் பாறையிலேர்ந்து எடுத்தது. சரியா இருக்கும். நம்ம சுவர்தான் ஒரு சாண் குட்டையா நிக்கும்."

"சரிபாத்தேன்னியே!"

"பாத்தேன். ஆணியில ஆரம்பிச்சு, சதுப்பைச் சுத்தி வந்து, ஆணியிலேயே முடிச்சேன். மயிரிழை பிசகலை."

"பொறப்பட்ட எடத்துக்கே திரும்பி வந்தா எப்படிப் பிசகும்? அக்கரைக்குப் போய் முடிச்சிருக்கணும்."

"படகு கெடைக்கலை. நீங்க வேற, மட்டம் குடு, மட்டம் குடுன்னு என் உயிரை எடுத்தீங்க."

அண்ணி போய் அந்த ஆணியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"முன்னாடி அந்தப் பால வேலைக்கு மட்டம் பாத்தப்பவே ஒரு தடவை தப்பு விட்டுட்டேன். இன்னொண்ணுன்னா லைசென்ஸ் போயிடும். அப்புறம் எனக்கு அந்தப் பின்ரூம்தான், காலத்துக்கும்." நாத்தனாரின் குரல் இறங்கியது. "சுவரை அப்புறமா ஒரு சாண் ஏத்திடலாமே அண்ணி? யாருக்குத் தெரியும்?"

"ஒட்டுப்போட்ட எடத்துலதான் தண்ணி முதல்ல வரும். மோட்டார் மேடையும் அதே மட்டம். அதை எதை வெச்சு ஏத்துவே, தலைகாணியா?"

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அறையில் துருவும் பழைய எண்ணெயும் நாறின. அண்ணி அந்தப் பின்னறையை நினைத்தாள். தன் காலைகளை, குளியலறைக் கதவை, இதே குரலைக் காலத்துக்கும் கேட்பதை நினைத்தாள்.

வெளியே கடப்பாரை உரசியது. கதவு நான்கு விரல் அளவுக்கு நகர்ந்து மறுபடி சிக்கிக்கொண்டது. இடுக்கில் மேஸ்திரியின் பாதி முகம்.

"இங்கயா இருக்கீங்க? உங்களை எங்கெல்லாம் தேடறது! கலவை வண்டி வந்து நிக்குது மேடம். கொட்டச் சொல்லிடவா?"

கேள்வி அண்ணிக்கு. அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். வண்டியின் உருளை சுற்றும் சத்தம் உள்ளே வரை கேட்டது.

"மேடம்?"

"திருப்பி அனுப்புங்க மேஸ்திரி," என்றாள் நாத்தனார். "மட்டம் தப்பு. என் தப்புதான். ஒரு சொட்டு கூட விழக் கூடாது, ஓடுங்க!"

முகம் மறைந்தது. கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார். நான்கு விரல் வெளிச்சம் மட்டும் தரையில் கிடந்தது.

நாத்தனார் அந்த இடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு, திரும்பாமலே கேட்டாள்.

"அண்ணி, அந்த பீரோவையாவது கொஞ்சம் நகத்தி வைப்பீங்களா?"