மெழுகு நுரையீரல்

அல்போன்சா பதினோரு மாதம் டி.பி. ஆஸ்பத்திரியில் கிடந்து, போட வேண்டிய ஊசிகளையெல்லாம் போட்டுக்கொண்டு, கன்னத்தில் கொஞ்சம் சதையோடு ஸ்ரீராம்புரத்து வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். பதினேழு வயது. மகளைப் பிழைக்க வைத்தது மாதாதான் என்பதில் அவள் அம்மா ஞானம்மாளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. செப்டம்பர் திருவிழாவில் சிவாஜி நகர் மாதா கோயிலில் நேர்த்திக்கடனைச் செலுத்திவிட வேண்டும். அது முடிந்த கையோடு அத்திபெலே மளிகைக்கடைக்காரர் வீட்டுக்குச் சம்மதம் சொல்லியனுப்ப வேண்டும். மாப்பிள்ளை தயார், தேதிதான் பாக்கி.

அல்போன்சாவுக்கு மேலே படிக்க ஆசை. என்ன படிப்பு, எதற்கு என்று கேட்டால் சொல்லத்தான் அவளிடம் ஒன்றுமில்லை. வெறும் ஆசையை எந்த வீட்டில் மதிக்கிறார்கள்?

திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே அம்மாவும் மகளும் கோயில் வாசலில் இருந்த ரெமிஜியஸின் மெழுகுக் கடைக்குப் போனார்கள். கால்வலி தீர்ந்தவர்களுக்கு மெழுகில் கால், பார்வை வந்தவர்களுக்குக் கண், பிள்ளை வரம் கேட்பவர்களுக்குத் தொட்டில் என்று எல்லாம் வரிசையாக இருந்தது. ரெமிஜியஸ் ஓர் இதயத்தை எடுத்து நீட்டினார்.

"நெஞ்சு சீக்குக்கு இதாம்மா."

"எனக்குக் கெட்டது நுரையீரல். இது இதயமாச்சே?" என்றாள் அல்போன்சா.

"முப்பது வருஷமா எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க."

"சீக்கு ஒண்ணுக்கு, நன்றி இன்னொண்ணுக்கா?"

ஞானம்மாள் மகளின் தொடையில் கிள்ளினாள். ரெமிஜியஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மனுசன் நுரையீரல் எப்படி இருக்கும்னு நான் கண்டேனா? கறிக்கடையில பாத்ததோட சரி. படம் கொண்டா, அச்சு செஞ்சு தர்றேன்."

யோசித்துப் பார்த்தால் அவளுக்கும் தெரியாது. பதினோரு மாதம் அதைக் கட்டிக்கொண்டு மாரடித்திருக்கிறாள், ஒரு நாளாவது அது எப்படியிருக்கும் என்று கேட்டதில்லை. அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

அடுத்த வாரம் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் ஜெயலக்ஷ்மியிடம் கேட்டாள். அவர் அவளுடைய எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வலது பக்கம் மூன்று மடல், இடது பக்கம் இரண்டு. ஏன் இரண்டு? இதயத்துக்கு இடம் வேண்டாமா? அப்படியானால் இந்த வெள்ளைத் தழும்பு? அது ஆறின புண். புண்ணை ஆற்றியது ஊசியா, மாதாவா?

"ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கலை. நீ ஏம்மா மூட்டிவிடறே?" என்று டாக்டர் சிரித்தார்.

கேள்வி ஓய்வதாக இல்லை. கடைசியில் அவர், நர்சுகளுக்குப் பாடம் நடத்த வைத்திருந்த கண்ணாடி ஜாடியைக் காட்டினார். உள்ளே ஒரு நிஜ நுரையீரல், கன்றிக் கறுத்து, முடிச்சு முடிச்சாக இருந்தது.

"தங்கவயல் சுரங்கத்துல வேலை பார்த்தவரோடது. பாறைத் தூசி. கத்தி வெச்சா மணல் மாதிரி நறநறங்கும்."

"இதுக்கு என்ன ஊசி?"

"இதுக்கு இன்னும் ஒண்ணும் இல்லைம்மா."

அல்போன்சாவின் அப்பா சவரிமுத்து பதினெட்டு வருஷம் அதே தங்கவயலில் பாறை குடைந்தவர். மூச்சு வாங்குகிறது என்று வேலையை விட்டு, இப்போது முனிசிபாலிட்டியில் வாட்ச்மேன். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார். ஆனாலும் ஜாடியை விட்டு அல்போன்சாவால் கண்ணை எடுக்க முடியவில்லை. அதைத் திறந்து தொட்டுப் பார்க்க வேண்டும் போல் இருந்தது.

படம் வரைந்து கொண்டுபோய் ரெமிஜியஸிடம் கொடுத்தாள். இரண்டு செய்யச் சொன்னாள்.

திருவிழா அன்று ஒன்றை மாதாவின் காலடியில் வைத்தாள். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள்.

"அது யாருக்குடி?" என்றாள் ஞானம்மாள்.

"அப்பாவுக்கு. டாக்டருக்குப் படிச்சு அந்தத் தூசிக்கு ஒரு வழி பாக்கறேன்னு மாதாகிட்ட நேர்ந்துக்கிட்டேம்மா."

"அடிப்பாவி! யாரைக் கேட்டு நேர்ந்துக்கிட்டே?"

"நீ மட்டும் என்னைக் கேட்டா நேர்ந்துக்கிட்டே?"

கல்யாணத்தைத் தள்ளிப்போடு என்று மகள் கேட்டிருந்தால் ஞானம்மாள் ஊரைக் கூட்டியிருப்பாள். நேர்ந்துகொண்டதை மாற்று என்று மாதாவின் முன்னாலேயே சொல்ல அவளுக்கு எப்படி மனசு வரும்? விறுவிறுவென்று வெளியே வந்து, படியில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த சவரிமுத்துவிடம் முறையிட்டாள்.

அவர் மகளின் கையிலிருந்த மெழுகை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குள்ள இருக்கறது இதுவா பாப்பா?"

"ஆமாப்பா."

"இதுக்கு மருந்து?"

"இன்னும் இல்லப்பா."

"படிச்சு முடிக்க எத்தினி வருஷமாவும்?"

"ஏழு."

சவரிமுத்து இருமினார். அடங்குகிற வரைக்கும் அம்மாவும் மகளும் காத்திருந்தார்கள்.

"அதுவரிக்கும் நான் இருக்கமாட்டேன்," என்றார். "ஆனா நாளைக்கும் குழிக்குள்ள ஆளு எறங்குவான் இல்ல? அவனுக்காகப் படி. அத்திபெலேக்கு நானே சொல்லிக்கறேன்."