உள்ளே ஊதிய சங்கு

ஆவடி தொழிற்சாலையில் மதியச் சங்கு ஊதினால் சோறு, ஊதாவிட்டால் வேலை என்றே காலத்தை ஓட்டிய மனிதர் ஏகாம்பரம். ஓய்வு பெற்று முகப்பேருக்குக் குடிவந்த பிறகும் அந்த நேரத்துக்குத் தட்டு முன்னால் வராவிட்டால் வீடு இரண்டுபடும். கடைசியில் நெஞ்செரிச்சல் தாங்காமல் ஆயுர்வேத டாக்டரிடம் போனார்.

“போன வேளை சாப்பிட்டது செரிச்சு, நல்லா பசியெடுத்த பிறகு சாப்பிடுங்க சார். வயசாக ஆக அதுதான் முதல் மருந்து,” என்றார் அந்த டாக்டரம்மா.

வெளியே வந்ததும் மனைவியிடம் தணிந்த குரலில் கேட்டார்: “கன்னிமா, பசின்னா எப்டி இருக்கும்?”

கன்னியம்மாள் சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. ஏகாம்பரத்துக்குப் பசி வரவில்லை, கோபம்தான் வந்தது. டாக்டரைத் திட்டினார், ஓடாத ஃபேனைத் திட்டினார், படித்த பேப்பரையே மறுபடி படித்தார். வெயில் சாய்கிற நேரத்தில் வயிற்றுக்குள் ஏதோ கடமுடவென்று உருண்டது. வாயில் எச்சில் ஊறியது.

“ஏய், உள்ள சங்கு ஊதுது!” என்று கத்தினார்.

கன்னியம்மாள் சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றினாள். முதல் வாயிலேயே அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“இன்னா ரசம் இது! புதுசா இன்னா போட்ட?”

கன்னியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“கட்டிகினு வந்த நாள்லேர்ந்து இதே ரசத்ததான்யா ஊத்திகினு கீறேன்.”