தூக்கி வைத்த இமை

ஸ்டுடியோவில் படம் எடுப்பது அவர். கம்ப்யூட்டரில் அதைத் திருத்துவது அவர் மனைவி. பரு, தழும்பு, கருவளையம் எதுவும் அவள் கைக்குத் தப்பாது. படத்தை வாங்கிப் பார்க்கும் பெண்கள், "அக்கா, இது நான்தானா?" என்று வாயைப் பிளப்பார்கள்.

அவருடைய இடது இமை தொங்க ஆரம்பித்தபோது இருவருமே அதைச் சட்டை செய்யவில்லை. காலமெல்லாம் அந்தக் கண்ணை மூடிக்கொண்டே கேமராவில் பார்த்த மனிதர் அல்லவா. "கேமராக்காரனுக்கு ஒரு கண்ணு போதும்டி," என்று சிரித்தார். கடை முகப்பில் மாட்ட வருஷம் தவறாமல் இருவரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். அதில் புருஷன் தூங்குமூஞ்சியாகத் தெரிவதை அவளால் பொறுக்க முடியவில்லை. இமையைத் தூக்கி வைத்தாள். அடுத்த வருஷமும் வைத்தாள், அதற்கடுத்த வருஷமும்.

பிறகு சாயங்காலமானால் சாப்பாட்டை மெல்ல முடியாமல் போயிற்று, பேச்சு மூக்கால் வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் சுரப்பியில் கட்டி.

"அபூர்வமா வர்றதும்மா. பெரும்பாலும் மெதுவாத்தான் வளரும். முழுசா எடுக்க முடிஞ்சா ரொம்ப வருஷம் நல்லா இருக்கலாம்," என்றார் டாக்டர். "இமை தொங்குறதும், மெல்ல முடியாததும் இந்தக் கட்டியாலதான். இமை எப்போலேருந்து தொங்குது? பழைய போட்டோ இருக்கா?"

முகப்புப் படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "போன வருஷம்கூடக் கண்ணு நல்லாத்தானே இருந்திருக்கு! அப்போ இது புதுசுதான்," என்று டாக்டர் முகம் மலர்ந்தார்.

"அது நான் தூக்கி வச்ச இமை, டாக்டர்."

திருத்தாத படங்களைப் போனில் வரிசையாகக் காட்டினாள். வருஷத்துக்கு வருஷம் இமை இறங்கிக்கொண்டே வந்திருந்தது.

ஆபரேஷனில் முழுதாக எடுக்க முடியவில்லை; நுரையீரலைச் சுற்றிய உறைக்கும் பரவிவிட்டிருந்தது. அவள் கட்டிலோரம் தேம்பி அழுதாள். அவரோ, "என்னை அழகாக்கத்தானே பார்த்தே? அது ஒரு குத்தமா?" என்றார். அதைக் கேட்டபின் அழுகை இன்னும் கூடியது. மருந்தும் கதிர்வீச்சும் சில வருஷம் தாக்குப்பிடித்தன. அப்புறம் முடியவில்லை.

மாலை போட ஒரு படம் வேண்டியிருந்தது. கடைசியாக எடுத்ததைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அண்ணி, அண்ணன் கண்ணை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிடுங்களேன்," என்றாள்.

பழக்க தோஷத்தில் கை மவுஸுக்குப் போனது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம். இருந்தவரைக்கும் இந்தக் கண்ணை நான் பார்க்கவே இல்ல."