அளந்து கீறிய கோடு

மீனம்மாவின் இடது மார்பை வெட்டி எடுத்து மூன்று மாதம் கழித்து, கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கதிர்ச் சிகிச்சை தொடங்கியது. மொத்தம் இருபத்தைந்து நாள். முதல் நாள் டாக்டர் அளவுகோல் வைத்து அளந்து, அவளுடைய நெஞ்சில் ஊதா மையால் கோடுகள் கீறினார். தினமும் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அசையாமல் படுக்க வேண்டும். மெசினின் வெளிச்சம் அந்தக் கோடுகளில் விழ வேண்டும். தள்ளி விழுந்தால் புற்றுநோய் வருத்தம் இருந்த இடம் தப்பிவிடும், இதயத்தில் கதிர் படும் என்று டாக்டர் சிங்களத்தில் விளக்கினார். சிங்களவர் சூழ்ந்த மலையகத்தில் பிறந்த மீனம்மாவுக்குச் சிங்களம் நன்றாகவே வரும். முதல் பத்து நாளும் அந்தப் பக்கம் தண்ணீர் படாமல் உடம்பைத் துடைத்துக்கொண்டாள்.

வன்னியின் வட்டக்கச்சியில் வயல் வேலை செய்தவள் அவள். போரில் இடம்பெயர்ந்து மூன்று வருடமாக வவுனியா முகாமில் இருந்தாள். முகாம் ஆட்கள் வெளியே போய்வரப் பதினான்கு நாள் பாஸ்தான். உயிர் போகிற வருத்தமென்றாலும் பாஸை நீட்டிக்க வவுனியாவுக்கே திரும்பி வர வேண்டும். வெள்ளிக்கிழமை சிகிச்சை முடிந்ததும் மகள் சுமித்திராவோடு ரயிலேறினாள். சனிக்கிழமை முழுக்க வரிசையில் நின்று அதை நீட்டித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை திரும்பும் வழியில் ஒரு இராணுவச் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள்.

திரைக்குப் பின்னால் உடம்பைச் சோதித்த பெண், சட்டையை விலக்கியதும் கோடுகளைக் கண்டாள்.

"இது என்ன வரைபடம்?"

மீனம்மா சிங்களத்திலேயே விளக்கினாள். ஆஸ்பத்திரி அட்டையை நீட்டினாள்.

"வன்னிக்காரிக்கு இவ்வளவு சிங்களம் யார் படிப்பித்தது?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பெண் ஈரத்துணியில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். கதிர் பட்டுக் கறுத்திருந்த தோல் உரிந்தது. மீனம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை மெசின் அறையில், படுத்திருந்த அவளுடைய நெஞ்சைப் பார்த்த ஊழியர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"கோடு போய்விட்டது. டாக்டரைக் கூப்பிடவா?" என்றான் இளையவன் சிங்களத்தில்.

"வெளியில் நாற்பது பேர் நிற்கிறார்கள். கிட்டத்தட்ட இந்த இடம்தான், கீறிவிடு," என்றான் மூத்தவன். அவனே பேனாவை வாங்கிக் கீறியும் விட்டான்.

மீனம்மா எழும்பி உட்கார்ந்தாள்.

"கிட்டத்தட்ட வேண்டாம். அளந்து கீறுங்கள்," என்றாள் சிங்களத்தில்.

மூத்தவன் பேனாவைக் கீழே வைத்தான். "நீ டாக்டரா? படு. இல்லாவிட்டால் வெளியே போ."

"ஒருத்தி தேய்த்து அழித்தாள். நீ நினைத்த இடத்தில் கீறுகிறாய். இது என்ன, சுவரா? என்னுடைய நெஞ்சு."

சேலையைச் சுற்றிக்கொண்டு டாக்டரின் அறைக்கே போனாள். வாசலில் இருந்த சுமித்திரா பயந்துபோய்க் கையைப் பிடித்தாள்.

"அம்மா, விடுங்கோ. இனிப் பாக்கமாட்டம் எண்டு சொல்லிப்போடுவினம்."

"சொல்லட்டும். பிழையான இடத்தில கதிர் வைக்கிறதை விட வைக்காமல் சாகலாம்."

டாக்டர் முதல் நாள் அளவுகளை எடுத்துப் பார்த்து, அவன் கீறிய கோட்டின் மேல் அளவுகோலை வைத்தார். ஒன்றரைச் சென்ரிமீற்றர் தள்ளியிருந்தது.

"திரும்ப அளந்து கீறுகிறேன்," என்றார் டாக்டர்.

"பச்சை குத்திவிடுங்கள். அடுத்த பாஸுக்கும் நான் அந்தச் சாவடி வழியால்தான் போக வேண்டும்."

டாக்டர் ஊசியும் மையும் கொண்டுவரச் சொன்னார். நான்கு நீலப் புள்ளிகள் குத்தினார். சாவடியில் தேய்த்து அழித்ததைப் பற்றி ஒரு கடிதம் தரும்படி மீனம்மா கேட்டபோது, தன்னால் அவளுடைய நோயைப் பற்றி மட்டுமே எழுத முடியும் என்றார்.

மிச்சப் பதினைந்து நாளும் முடிந்தன. கடைசி நாள், பளையிலிருந்து வந்த சிவலட்சுமி என்ற பெண் தன் முறைக்காக வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தாள். அவளுடைய கழுத்தோரக் கோடு வியர்வையில் மங்கியிருந்தது.

"உள்ள போனவுடனை அளக்கச் சொல்லுங்கோ," என்றாள் மீனம்மா.

"எனக்குச் சிங்களம் தெரியாதக்கா."

மீனம்மா பையைச் சுமித்திராவிடம் கொடுத்துவிட்டு, சிவலட்சுமியோடு உள்ளே போனாள்.