மார்பு உந்தி

நான் அரக்கோணத்துக்காரி. கல்யாணமாகி ரேணிகுண்டாவுக்கு வந்து எட்டு மாசம்தான் ஆவுது. தக்காளி வாங்குற அளவுக்குத் தெலுங்கு தெரியும், அவ்ளோதான். எம் புருசன் சம்பத்துக்கு ரெண்டு பாஷையும் தண்ணி பட்ட பாடு.

போன மாசம் அவருக்கு மூளையில கட்டின்னு ஆபரேசன் பண்ணாங்க. எடுத்த கட்டியில ஒரு துணுக்கை ஜீன் டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. இன்னும் எவ்ளோ நாள் இருப்பாருன்னு அதுலதான் ஓரளவுக்குத் தெரியுமாம். அன்னியிலருந்து போன் அடிச்சாலே அடுப்பை அப்பிடியே விட்டுட்டு ஓடுவேன்.

நேத்து மத்தியானம் அடிச்சது. அவரு தூங்கிக்கினு இருந்தாரு. ஆஸ்பத்திரி நர்சம்மா தெலுங்குல கடகடன்னு பேசினதுல எனக்குப் பிடிபட்டது ரெண்டே வார்த்தை: "மார்பு உந்தி." கடைசியா அரைகுறைத் தமிழ்ல நாளைக்கு வாங்கன்னுட்டு வச்சிட்டா. உந்தின்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியும். அடக் கடவுளே, கட்டி மாருக்கும் எறங்கிடுச்சா!

எழுப்பிச் சொல்ல மனசு வரலை. பக்கத்துல படுத்து அவரு மாருமேல காதை வச்சேன். வெளிய கூட்ஸ் ரயிலு போய்க்கினே இருந்துச்சு, கட்டில் லேசா ஆடுச்சு. எது ரயிலு, எது அவரு நெஞ்சுன்னு தெரியாமலே கண்ணு சொருகிடுச்சு. ரெண்டு பேரும் அந்த கூட்ஸுமேல படுத்துக்கினு போறோம். ஸ்டேசன் பேரெல்லாம் அழிஞ்சி கெடக்குது. யாரோ அவரை மட்டும் எறங்கச் சொல்றாங்க, நான் சட்டையை விடவே இல்லை. முழிச்சப்போ அந்தச் சட்டை நனைஞ்சிருந்துச்சு.

"இன்னாடி, எச்சிலா?"ன்னாரு.

"ஆமா, போ மாமா"ன்னேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாங்கன்னு மட்டும் சொன்னேன். சாயங்காலம் அவரு சோறு துன்னாரு, நான் துன்ன மாதிரி நடிச்சேன்.

இன்னிக்குத் திருப்பதியில டாக்டர் முன்னாடி உக்காந்ததும் நானே முந்திக்கினேன். "சார், மாருல இருக்கிறதையும் ஆபரேசன் பண்ணி எடுத்துடுங்க."

டாக்டர் முழிச்சாரு. நான் போன் விசயத்தைச் சொன்னதும் சம்பத்து தையல் போட்ட தலையைப் பிடிச்சிக்கினு சிரிச்சாரு பாரு, அப்பிடி ஒரு சிரிப்பு! "அடியே, தெலுங்குல மார்புன்னா மாற்றம்டி!"

டாக்டர் தமிழ்லயே சொன்னாரு: "கட்டியோட ஜீன்ல ஒரு மாற்றம் இருக்கும்மா. இந்த வகைக் கட்டியில அது இருக்கிறது நல்லது. அது இல்லாதவங்களைவிட அது இருக்கிறவங்க ரொம்ப நாள் வாழுறாங்க. உறுதி குடுக்க முடியாது. ஆனா மாசக்கணக்கு வேணாம், வருசக்கணக்குல பேசலாம்."

எனக்கு அழுகையா சிரிப்பான்னே தெரியலை. மூக்கைத் துடைக்க அவரு துண்டைத்தான் பிடுங்கினேன்.

பஸ் ஸ்டாண்டுல அவரு என் கையைப் பிடிச்சாரு. "நேத்தே என்னைக் கேக்கக் கூடாதா? ஒரு நாள் முழுக்க நீ ஒருத்தியா என்னைச் சாகடிச்சிக்கினு இருந்திருக்கியே."

"பயந்துட்டேன் மாமா."

"இனிமே எந்த போன் வந்தாலும் எழுப்பு. தூங்குறதுக்கா எனக்கு வருசம் குடுத்திருக்காங்க?"