பெட்டி எண்ணிய ஐந்து பேர்

அந்த ஞாயிறு மதியம் ரேமண்ட் கோஸ்கா வீட்டில் ஐந்து பேர் அமெரிக்க ஃபுட்பால் பார்த்ததாகப் பெட்டி பதிவு செய்தது. அறையில் இருந்தது ரேமண்ட் மட்டும்தான்.

பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குக் கதை பிடிபடாது. நாட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கம்பெனி ஒன்று, ஊருக்குச் சில வீடுகளைப் பொறுக்கி எடுத்து, டிவிக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியை வைத்துவிட்டுப் போகும். வீட்டில் ஆளுக்கொரு பொத்தான். பார்க்க உட்கார்ந்தால் அமுக்க வேண்டும், எழுந்து போனால் அமுக்கி அணைக்க வேண்டும். வெளியாள் வந்தால் விருந்தாளிப் பொத்தான். அதில் வயதும் ஆணா பெண்ணா என்பதும் சேர்த்துக் குறிக்க வேண்டும். ஆளிருந்தால் பச்சை விளக்கு. யாரும் அமுக்காமல் டிவி ஓடினால் சிவப்பு விளக்கு மின்னி மின்னிக் கேட்டுக்கொண்டே இருக்கும். பெட்டி இருப்பதை அக்கம்பக்கத்தில் மூச்சுவிடக் கூடாது.

ரேமண்ட் அமெரிக்காவில் ஈரி நகரத்து ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏரிக்கரை ஊர், பஃபலோ அணிக்காரர், பிட்ஸ்பர்க் அணிக்காரர், கிளீவ்லேண்ட் அணிக்காரர் என்று ஒரே தெருவில் மூன்று கட்சி. ரேமண்ட் பஃபலோ கட்சி. சில வருடங்களுக்கு முன்வரை ஞாயிறு என்றால் மாதா கோவில் முடிந்த கையோடு அவர் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேரும் இருப்பார்கள். அவர், மனைவி லொரேன், மாடியில் குடியிருக்கும் மகன் டென்னிஸ், இரண்டு தெரு தள்ளியிருக்கும் மகள் மார்சி, மருமகன் கேரி.

முதலில் கழன்றவள் லொரேன். விளம்பரம் தாங்கவில்லை அவளுக்கு. "பந்து ஓடறது கொஞ்ச நேரம். மீதி நேரமெல்லாம் எவனோ எனக்கு லாரி விக்கறான்" என்று குறுக்கெழுத்துப் புதிரோடு அடுப்படிக்குப் போய்விட்டாள். அடுத்து மார்சியும் கேரியும். கேரி பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் ஆடியவன். தலையால் முட்டித் தள்ளுவதில் பேர் வாங்கியவன். நாற்பத்தாறு வயதில் கார் சாவியை மறந்தான், பிறகு காரை நிறுத்திய இடத்தை, பிறகு சில சொற்களை. ஆட்டத்தில் தலையும் தலையும் மோதும் சத்தம் கேட்டாலே மார்சிக்கு உட்கார முடியவில்லை. அந்த வருடத்து இலையுதிர் காலத்தில் ஆட்டக்காரர்கள் சிலர் தேசிய கீதத்தின்போது எழுந்து நிற்காமல் எதிர்ப்பாக மண்டியிட ஆரம்பித்தார்கள். கப்பற்படையில் இருந்த டென்னிஸ், "இனிமே இவனுங்க ஆட்டத்தை நான் பார்க்கமாட்டேன்" என்று மாடிக்குப் போனவன் இறங்கவில்லை.

ஊரின் போலந்துக்காரர் கிளப்பில் பீர் குடிக்கும் கிழவர்கள் இதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். டிவியில் ஆட்டம் பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்திருந்தது.

"மண்டி போட்டானுங்க, போச்சு" என்றார் ஒருவர்.

"அட போய்யா. வியாழன், ஞாயிறு, திங்கள்னு வாரத்துல பாதி நாள் ஆட்டம் போட்டா எவன் பார்ப்பான்? தினம் கறிச்சோறு போட்டா நீயே எந்திரிச்சுப் போயிடுவ."

"நான் போகமாட்டேன். என் பொண்டாட்டி சமைச்சாத்தான் போவேன்."

ரேமண்ட் பேசாமல் குடித்தார். எண்ணுகிற பெட்டியே தன் வீட்டில் இருக்கிறது என்று சொல்ல நாக்குத் துறுதுறுத்தது. ஒரு வீட்டுப் பெட்டி ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சமம் என்று அதை வைத்த பெண் சொல்லியிருந்தாள். அடுத்த ஞாயிறு தன் பொத்தானை அமுக்கியவர், கொஞ்சம் யோசித்து லொரேனுடையதையும் அமுக்கினார். பக்கத்து அறையில்தானே இருக்கிறாள். பிறகு டென்னிஸ், தலைக்கு மேலேதானே இருக்கிறான். பிறகு மார்சி, கேரி கணக்கில் விருந்தாளி இருவர். ஐந்து பச்சை விளக்குகள் எரிந்தன. ஆட்டத்தைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். ஆனால் விளம்பரம் வரும்போதெல்லாம் அவர் பார்த்தது அந்த ஐந்து விளக்கைத்தான். கூடம் முன்போல் நிறைந்திருந்தது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை கம்பெனிப் பெண் யோலாண்டா வந்தாள். காலணிப் பனியை மிதியடியில் தட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"மிஸ்டர் கோஸ்கா, உங்க வீட்டு விருந்தாளிங்க ரெண்டு பேரும் ரொம்ப நல்லவங்க போல."

"ஏன்மா?"

"ஆட்டம் ஆரம்பிச்சா முடியறவரைக்கும் எந்திரிக்கறதே இல்லை. பாத்ரூம்கூடப் போறதில்லை. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு குடும்பத்தை நான் பார்த்ததில்லை."

ரேமண்ட் ஜன்னலைப் பார்த்தார்.

"நான் யாரையும் குத்தம் சொல்ல வரலை" என்றாள் அவள். "வர்ற ஞாயித்துக்கிழமை ஆட்டம் நடக்கும்போது போன் பண்ணுவேன். அப்ப யார் பார்க்கறாங்கன்னு கேட்பேன். பெட்டி சொல்றதும் நீங்க சொல்றதும் ஒண்ணா இருந்தா சரி. இல்லைன்னா பெட்டியை எடுத்துட்டுப் போயிடுவோம்."

"நீ ஆட்டம் பார்ப்பியாம்மா?"

"எனக்கு எங்கங்க நேரம்? என் பையன் போன்ல துண்டு துண்டாப் பார்ப்பான். அவனை எங்க கம்பெனியே எண்ணாது" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

பெட்டி போய்விட்டால் அந்த ஐந்து பேரும் போய்விடுவார்கள். ரேமண்டுக்கு அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மகளுக்குப் போன் போட்டார்.

"மார்சி, இந்த ஒரு ஞாயிறு மட்டும் கேரியைக் கூட்டிட்டு வா. வந்து டிவி முன்னாடி உட்காருங்க, போதும்."

"எதுக்குப்பா?"

மழுப்பிப் பார்த்தார், முடியவில்லை. "பெட்டியில உங்க எல்லாரையும் நானே அமுக்கிட்டு இருந்தேன்."

மார்சி கேட்டது ஒன்றுதான்.

"எனக்கு என்ன வயசு போட்டீங்க?"

"நாப்பத்திரண்டு."

"எனக்கு நாப்பத்தஞ்சுப்பா."

"குறைச்சுத்தானே போட்டேன். சண்டைக்கு வர்ற."

"வரேன். சத்தத்தைக் குறைச்சு வைங்க. கேரிக்கு ஆகாது."

டென்னிஸிடம் மாடிப்படியில் நின்றபடி கேட்டார். "சாப்பாடு உண்டா?" என்றான் அவன். உண்டு என்றார். "பாட்டு முடிஞ்ச பிறகுதான் வருவேன்" என்றான்.

ஞாயிறு காலையிலிருந்தே ஏரிப் பக்கமிருந்து பனி கொட்டியது. மார்சி ஒரு தட்டு நிறைய பெப்பரோனிக் கறி அடைத்த ரொட்டி உருண்டை சுட்டுக்கொண்டு வந்தாள். லொரேன் கொத்துக்கறி அடைத்த சாஸேஜ் குழலைப் புளித்த முட்டைக்கோஸோடு வேகவைத்திருந்தாள். தேசிய கீதம் முடியும்வரை டென்னிஸ் அடுப்படியில் நின்று உருண்டைகளைத் தின்றான். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தான். ரேமண்ட் ஐந்து பொத்தான்களையும் அமுக்கினார். இந்த முறை உண்மையாகவே.

"யாரும் நகரக் கூடாது" என்றார்.

"பாத்ரூம்?" என்றாள் லொரேன்.

"அதுக்கும் அமுக்கணும்."

"என் வீட்டுல நான் போறதை ஒரு கம்பெனிக்குச் சொல்லணுமா? நல்லா இருக்கு ரே நீ பண்ற கூத்து."

கொஞ்ச நேரம் எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். விளம்பரம் வந்தது. லொரேன் புதிரைப் பிரித்தாள். டென்னிஸ் மண்டி போட்டவர்களைப் பற்றி ஏதோ முனகினான், மார்சிக்குக் காதில் விழுந்துவிட்டது.

"டேய், அவங்க உன்னை அவமானப்படுத்தவா மண்டி போட்டாங்க? போலீஸ் கையில சாகறவங்களுக்காகப் போட்டாங்கடா."

"அதுக்கு வேற இடமே இல்லையா அக்கா? நம்ம நாட்டுக் கொடியைப் போர்த்தித்தான் என் கூட்டாளியைக் கொண்டு வந்தோம்."

"தெரியும். நானும்தான் வந்தேன் அந்தச் சாவுக்கு. உன் பக்கத்துலதான் நின்னேன்."

டென்னிஸ் கடுகுச் சாஸை அவள் பக்கம் நகர்த்தினான். அவர்களுக்குள் அது முடியவில்லை. சாப்பாட்டுக்காக நின்றது, அவ்வளவுதான்.

அப்போது திரையில் ஒரு ஆட்டக்காரன் ஓடி வந்தான். எதிர்ப்பக்கத்துக்காரன் தலையைத் தாழ்த்தி மோதினான். ஒலியைக் குறைத்திருந்தும் அந்தச் சத்தம் கேட்டது. மார்சி தட்டைப் பார்த்துக்கொண்டாள். கேரி மட்டும் திரையையே பார்த்தான்.

"மாமா, நான் இதே மாதிரி ஒரு மீட்வில் ஊர்ப் பையனை அடிச்சேன்ல?"

அது ரேமண்டின் கதை. கேரி பெண் கேட்டு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு சீசனும் அவர் சொல்லும் கதை. என் மாப்பிள்ளை முட்டினதுல அவன் ஹெல்மெட் பறந்தது, நாலு பேர் தூக்கிட்டுப் போனாங்க என்று கிளப்பில் மேசையைத் தட்டிச் சொல்வார்.

"ஆமாம்ப்பா, அடிச்ச."

"அவன் பேரு என்ன மாமா?"

"பேரா?" ரேமண்ட் யோசித்தார். "நம்பர் முப்பத்திரண்டு."

"பேர் நான்தான் மறந்துட்டேன்னு நினைச்சேன். உங்களுக்கும் தெரியாதா?"

"தெரியாது."

"அவனுக்கும் இப்படிச் சாவி தொலையுமா?"

திரையில் அடிபட்டவன் எழுந்து உட்கார்ந்தான், கைதட்டினார்கள், லாரி விளம்பரம் வந்தது. ரேமண்ட் தன் சாய்வு நாற்காலியைத் தரையில் தேய்த்துக் கேரி பக்கம் திருப்பினார். பல வருடமாக டிவியைப் பார்த்தே நின்ற நாற்காலி. அதன் கால்கள் கம்பளத்தில் நாலு குழி போட்டிருந்தன.

"டாக்டர் என்னப்பா சொல்றாரு?" என்றார். இதுவரை அவர் கேட்டதே இல்லை.

கேரி நிதானமாகச் சொன்னான். பொருள் தெரிகிறது, பேர் வருவதில்லை. நேற்று முள்கரண்டியைக் கேட்க முடியாமல் கையைக் கையை ஆட்டினானாம். மார்சி உப்பைக் கொடுத்தாளாம், மிளகைக் கொடுத்தாளாம், கடைசியில் தண்ணீர்க் குவளையையே கொடுத்தாளாம்.

"கையாலயே தின்னுட்டேன் மாமா. நல்லாத்தான் இருந்தது."

"எனக்கும்தான் ஏழெழுத்து வார்த்தை ஒண்ணு காலையிலேருந்து வரமாட்டேங்குது" என்றாள் லொரேன். "எந்தப் பந்தும் தலையில படாமலே."

முதலில் சிரித்தது கேரி. அப்புறம்தான் மற்றவர்கள் சிரித்தார்கள். டென்னிஸ் அந்த ஏழெழுத்துக்கு ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். லொரேன் எழுத்து எண்ணிப் பார்த்து, இடிக்கிறது என்றாள். பேச்சு எங்கெங்கோ போயிற்று. தட்டுகள் காலியாகி மறுபடி நிறைந்தன.

போன் அடித்தது.

ரேமண்ட் எடுத்ததும் அறை சட்டென்று அடங்கியது. யோலாண்டாவின் குரல் எல்லாருக்கும் கேட்டது.

"மிஸ்டர் கோஸ்கா, இப்ப ஆட்டத்தை யாரெல்லாம் பார்க்கறாங்க?"

அந்த நொடியில் நாலு பேரும் அவருக்காக முகத்தைத் திரைப் பக்கம் திருப்பினார்கள். டென்னிஸ் கால்களைச் சேர்த்து வைத்து நேராக உட்கார்ந்தான். மார்சி வாயிலிருந்ததை மெல்லாமலே பார்த்தாள். லொரேன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, லாரி விளம்பரத்தைக் கண்கொட்டாமல் பார்த்தாள். பெட்டியில் ஐந்து பச்சை. எல்லாரும்தான் என்று சொன்னால் போதும்.

ரேமண்ட் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ரூம்ல அஞ்சு பேர் இருக்கோம்மா."

"பார்க்கறவங்க?"

"ஒருத்தரும் இல்லை."

"நீங்க?"

"நானும் இல்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஒரு மணி நேரம் ஆகுது."

"அப்ப பெட்டியில அஞ்சு பேர்னு வருதே?"

"இரும்மா, அணைச்சுட்டு வரேன்."

போனைக் கேரியிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். விருந்தாளி இருவரை அணைத்தார், டென்னிஸை அணைத்தார், லொரேனை அணைத்தார். தன் பொத்தானில் விரலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு அமுக்கினார். திரும்பி வந்து போனை வாங்கினார்.

"பெட்டியை எப்ப எடுத்துட்டுப் போவீங்க?"

"எதுக்கு எடுக்கணும்? இப்ப ரெண்டும் ஒண்ணா இருக்கே. இந்த மாதிரி வீடுதான் எங்களுக்கு வேணும்" என்றாள் யோலாண்டா. "சாப்பாட்டைக் கெடுத்துட்டேன் போல, மன்னிச்சுக்குங்க."

பெட்டியில் சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்தது.

"அது என்ன கேக்குது?" என்றாள் லொரேன்.

"யாராவது இருக்கீங்களான்னு."

"இருக்கோம்னு சொல்லு."

"அதுக்கு அப்படிச் சொல்லத் தெரியாது" என்று ரேமண்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி கேரி பக்கமே இருந்தது.

டென்னிஸ் குழலை வெட்டிக்கொண்டே, "ஸ்கோர் என்னப்பா?" என்றான்.

"தெரியலை" என்றார் ரேமண்ட். "அந்தக் கடுகை இப்படித் தள்ளு."