பம்சேயைப் பற்றிய முறைப்பாடுகள்

ஒஸ்லோவில் ஒரு பெண்நோய் நிபுணர் "ஸ்பென்னெண்டெ" என்று சொன்னால், அவர் வரமாட்டார் என்று அர்த்தம். அகராதியில் அந்தச் சொல்லுக்குச் 'சுவாரசியமானது' என்றுதான் போட்டிருக்கும். தங்கேஸ்வரி நோர்வேக்கு வந்து பதினெட்டு வருடம்; அகராதியை நம்பும் வயதை அவள் எப்போதோ தாண்டிவிட்டாள்.

ஆபிரிக்காவில், மலாவியில் பத்து மாதம் தங்கி, பிரசவத்தில் வரும் ஆபத்துகளைச் சமாளிக்க அங்குள்ள மருத்துவிச்சிமாருக்குக் கற்பிக்க ஒரு நிபுணர் வேண்டும். அவரைத் தேடிப் பிடிப்பதுதான் அவள் வேலை பார்த்த சின்ன உதவி நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டுப் பெரிய வேலை. ஒன்பது பேரோடு தொலைபேசியில் கதைத்தாகிவிட்டது. ஒருவர் மலையில் விடுமுறை வீடு கட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவருக்கு ஈஸ்டருக்குப் பனிச்சறுக்குக்குப் போகாவிட்டால் உடம்புக்கு ஆகாதாம். மூன்றாமவர் மலாவியில் பனி எப்போது விழும் என்று விசாரித்தார். பதிலைக் கேட்டுவிட்டு "ஸ்பென்னெண்டெ" என்றார்.

நவம்பர் முடிவதற்குள் ஆள் கிடைக்காவிட்டால் வகுப்பு ரத்து என்று மேலதிகாரி கிறெத்த சொன்னாள். அங்கே இருபத்திரண்டு மருத்துவிச்சிமார் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கிறெத்த அதை வானிலை அறிக்கை மாதிரி வாசித்தாள். தங்கேஸ்வரியால் அதை அப்படிக் கேட்க முடியவில்லை.

அவளுடைய அக்கா ராசமலர், ஊரில் போர்க்காலத்தில், பிள்ளை பெற்று இரண்டு மணித்தியாலத்தில் இரத்தம் நிற்காமல் போய்ச் சேர்ந்தாள். மருத்துவிச்சி பக்கத்திலேயே நின்றாள். நல்ல மனுஷி, கடைசிவரை கையை விடவில்லை. கையைப் பிடிப்பதைத் தவிர வேறு என்ன செய்யலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. இதைத் தங்கேஸ்வரி அலுவலகத்தில் சொன்னதே இல்லை. சொன்னால் கிறெத்த உளவியலாளரிடம் நேரம் எடுத்துத் தந்துவிடுவாள்.

ஒஸ்லோவில் அவள் இருக்கும் ரொம்சோஸ் பகுதித் தமிழர்களுக்குத் தங்கேஸ்வரி கலியாணம் பேசுகிறவள். பதினொன்று முடித்திருக்கிறாள். அதில் அவள் கண்ட விஷயம் ஒன்று உண்டு. மாட்டோம் என்பவர்கள் கதிரையில் இருந்து சொல்லும் காரணம் காரணமே இல்லை. சாதகம், படிப்பு எல்லாம் சொல்லி முடித்து, வந்தவர் எழும்பி வாசலில் சப்பாத்துப் போடும்போது அவர்கள் வாயில் வருவதுதான் உண்மைக் காரணம். தொலைபேசியில் அந்த வாசல் இல்லை. அதுதான் பிழை என்று அவளுக்குப் பட்டது.

பட்டியலில் பத்தாவதாக இருந்த டொக்டர் சோல்வெய்க், லில்லெஸ்ட்ரோமில் தனியாக வசித்தார். வயது ஐம்பத்தொன்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பது ரோல்ஸ் பொரித்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் தங்கேஸ்வரி போய் மணியடித்தாள். நோர்வேயில் சொல்லாமல் ஒரு வீட்டுக்குப் போவது பொலிஸ் செய்கிற வேலை. கதவைத் திறந்த சோல்வெய்க், "யார் செத்தது?" என்று கேட்டார்.

யாரும் சாகவில்லை என்று தெரிந்ததும் கோப்பி வந்தது. முழங்கால் வலி, வெயில் ஒத்துக்கொள்ளாது, கூரை திருத்த வேண்டும் என்று சோல்வெய்க் சொன்ன எல்லாவற்றுக்கும் தங்கேஸ்வரி தலையாட்டினாள். ஆறு ரோல்ஸ் முடிந்ததும் எழும்பி வாசலுக்குப் போய், சப்பாத்து நாடாவை முடியுமட்டும் மெதுவாகக் கட்டினாள்.

"அதோடு, பம்சேயை யார் பார்ப்பது?" என்றார் சோல்வெய்க்.

பம்சே, சாம்பல் நிறத்தில் கன்றுக்குட்டியளவு நாய். பதின்மூன்று வயது. அதற்குப் பயந்துதான் தங்கேஸ்வரி ஒரு மணித்தியாலமாகக் காலைக் கதிரையில் தூக்கி வைத்திருந்தாள். ஒன்பது வயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டவள் அவள்.

"நான் பாக்கிறன்," என்றாள். சொன்னது வாய் மட்டும்தான். மற்ற உறுப்புகள் ஒன்றும் சம்மதிக்கவில்லை.

"அவனுக்கு ஏதாவது என்றால் அடுத்த விமானத்தில் வந்துவிடுவேன்," என்றார் சோல்வெய்க்.

வீட்டில் கணவர் இந்திரகுமார், பஸ் சாரதி, சாப்பிட்ட கையோடு எழும்பிவிட்டார்.

"சாமியறை இருக்கிற வீட்டுக்கை நாயோ?"

"வைரவரும் நாய் வச்சிருக்கிறார்தானே."

"அது வைரவர். நாங்கள் வைரவரோ?"

ஜனவரியில் சோல்வெய்க் மலாவிக்குப் போனார். பம்சே, நாலு பக்க அறிவுறுத்தலோடு ரொம்சோஸுக்கு வந்தான். சோல்வெய்க் ஒவ்வொரு ஞாயிறும் அழைப்பார். தங்கேஸ்வரி முறைப்பாட்டை ஆரம்பிப்பாள். சோபா முழுக்க மயிர். இவருடைய ஒற்றைச் சப்பாத்தைத் தின்றுவிட்டான். வெள்ளிக்கிழமை சோறும் பருப்பும் வைத்தால் என் மாமியார் பார்த்த பார்வை பார்க்கிறான். சோல்வெய்க் சிரித்து முடித்து, அந்தக் கிழமை கற்பித்ததைச் சொல்வார். இரத்தப்பெருக்கை நிறுத்தும் பாடத்தை, கண்ணைக் கட்டிக்கொண்டும் செய்யும்வரை செய்ய வைத்தாராம்.

"எல்லாருக்கும் விளங்கினதோ?" என்று தங்கேஸ்வரி மூன்று தரம் கேட்டாள்.

ஒக்டோபரில் ஒரு காலை, பம்சே சாமியறை வாசலில் படுத்தவன் எழும்பவில்லை. இந்திரகுமார் லீவு போட்டார். பதினைந்து வருடத்தில் வேலைக்குப் போகாத முதல் நாள். நாய்க்கு அழக்கூடாது என்று தங்கேஸ்வரியைப் பேசிவிட்டு, குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார்.

மருத்துவிச்சிமாரின் கடைசிப் பரீட்சைக்கு இன்னும் ஐந்து கிழமை இருந்தது. சொன்னால் சோல்வெய்க் விமானம் ஏறுவார். இருபத்திரண்டு பேரும் பாதியில் நிற்பார்கள். கலியாணம் பேசுகிறவளுக்குப் பொய் புதிதல்ல. மாப்பிள்ளையின் வயதில் நாலைக் குறைத்த கைதான். ஆனால் இந்தப் பொய் சோறு இறங்கவிடவில்லை. "நல்லா இருக்கிறான், தங்கமான பிள்ளை, ஒரு கரைச்சலும் இல்லை," என்று ஐந்து ஞாயிறும் சொன்னாள்.

நவம்பரில் விமான நிலையத்தில், கைப்பைக்குள் பம்சேயின் கழுத்துப் பட்டியைப் பிடித்துக்கொண்டு தங்கேஸ்வரி வாயைத் திறந்தாள்.

"தெரியும்," என்றார் சோல்வெய்க்.

"ஆர் சொன்னது?"

"நீங்கள்தான். ஒன்பது மாதம் குறை சொன்னீர்கள். திடீரென்று ஒரு ஞாயிறு அவன் தங்கமான பிள்ளை ஆகிவிட்டான்."

"பிறகேன் வரேல்லை?"

"நீங்கள் சொல்லவில்லையே. சொல்லியிருந்தால் வந்திருப்பேன்." பட்டியை வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்தார். "போன கிழமை ஒரு பெண்ணுக்கு இரத்தம் நிற்கவில்லை. மின்சாரமும் இல்லை. நான் சாப்பிடப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வகுப்பில் இருந்த மருத்துவிச்சி ஒருத்தி எல்லாம் முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். தாய் எழும்பிச் சோறு கேட்டாள்."

இந்திரகுமார் அவர்களை லில்லெஸ்ட்ரோமுக்குக் கூட்டிப் போய்விட்டுக் காரிலேயே இருந்தார். வீட்டில் கோப்பி குடித்தார்கள். கூரை ஒழுகியதைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு தங்கேஸ்வரி எழும்பி வாசலுக்குப் போய்க் குனிந்து சப்பாத்தைப் போட்டாள். ஒரு நாடாவைக் கட்டினாள். மற்றதற்குக் கை வரவில்லை.

"எனக்கொரு அக்கா இருந்தவா," என்றாள்.

சோல்வெய்க் முழங்கால் வலியோடு, சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். "சொல்லுங்கள்," என்றார்.